ஒட்டுப்போட்ட இரும்பு

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டத்துக்குள் எந்த வண்டி நுழையலாம், எது வரப்போடு நிற்க வேண்டும் என்பதைப் பந்தல்தான் முடிவு செய்கிறது. கல்லுக்கால் நட்டு, குறுக்கும் நெடுக்கும் கம்பி இழுத்து, மேலே கொடியைப் படரவிட்டிருப்பார்கள். நின்றபடி கையைத் தூக்கினால் கம்பி எட்ட வேண்டும். கவாத்து வெட்டுகிறவருக்கும் குலை பறிக்கிற பெண்களுக்கும் பார்த்து வைத்த உயரம் அது. ஐம்பது குதிரைசக்தி டிராக்டர் உள்ளே போனால் ஓட்டுகிறவர் தலை கம்பியில் மோதும். நிமிர்ந்து நிற்கிற புகைக்குழாய் குலையைக் கருக்கிவிடும். காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி என்று பன்னீர் திராட்சை விளைகிற ஊர்களில் பவர் டில்லருக்கும் மினி டிராக்டருக்கும் கிராக்கி வந்தது இதனால்தான்.

இங்கு வந்த டில்லர்களுக்குப் பூர்வீகம் ஜப்பான். வி.எஸ். திருவேங்கடசாமி முதலியார் தொடங்கிவைத்த பெங்களூர் வி.எஸ்.டி. குழுமம் 1967இல் மிட்சுபிஷியோடு சேர்ந்து டில்லர் கம்பெனி ஆரம்பித்தது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் அத்தாணியில், 1973இல் அரசு நிறுவனமான கேம்கோ வந்தது. அது குபோட்டா வழி. துண்டு துண்டான நெல்வயலை மனத்தில் வைத்துச் செய்த வண்டி. பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் காணும் 14,707 ஏக்கர் வயல் நம் பள்ளத்தாக்கிலும் இருப்பதால் தொளி உழவுக்கு அது வந்ததில் வியப்பில்லை. அதே வண்டியைக் கல்லுக்காலுக்கு நடுவே நுழைத்து, அதன் பெல்ட்டில் மருந்தடிக்கும் பம்பையும் மாட்டிவிட்டது நம்மாட்களின் சொந்த மூளை.

அப்படிப்பட்ட பழைய பெங்களூர் டில்லர் ஒன்றைத்தான் நான் பொழுதுபோக்காகக் கையில் எடுத்தேன். காமயகவுண்டன்பட்டியில் ஒரு தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் பின்னால் சக்கரம் பாதி மண்ணில் இறங்கிக் கிடந்தது. பழைய இரும்புக்குப் பேசி முடித்து, லோடு ஆட்டோ வர வேண்டியதுதான் பாக்கி. கடைக்காரர் சொன்ன எடை விலையையே நானும் கொடுத்தேன். தோட்டக்காரருக்கு அது கொஞ்சம் சங்கடமாக இருந்தது. "இத வச்சு என்னண்ணே செய்யப் போறீக? பேரீச்சம்பழத்துக்குக்கூட ஆகாது" என்றார். ஓட வைக்கப் போகிறேன் என்றேன். ஓட வைத்து எதை உழப்போகிறேன் என்று கேட்டார். உழ எனக்கு நிலம் இல்லை. அந்த இடத்தில் பேச்சு நின்றுபோனது.

வெளிநாட்டில் இந்தக் கேள்வியை யாரும் கேட்க மாட்டார்கள். அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புறநகர் வீடுகளும் அவற்றைச் சுற்றிப் புல்தரையும் பெருகின. அதற்கென்றே குட்டி டிராக்டர்கள் வந்தன. 1946இல் சிசில் பாண்ட் என்பவர் தொடங்கிய வீல் ஹார்ஸ், 1961இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கொண்டுவந்த கப் கேடட், 1963இல் ஜான் டீரின் 110. புல் வெட்டவும் பனி தள்ளவும் வாங்கிய அந்த வண்டிகளை இன்று ஓய்வுபெற்ற கிழவர்கள் கொட்டகையில் வைத்துப் பிரித்துப் பூட்டுகிறார்கள். இங்கிலாந்தில் ஃபெர்குசன் டி.இ.20 அப்படி. 1946இலிருந்து 1956வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்த சாம்பல் நிற வண்டி. அதற்கென்று சங்கம், அணிவகுப்பு எல்லாம் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் ஒரு வேதவாக்கு இருக்கிறது. தொழிற்சாலை வாசலைத் தாண்டி வந்த அன்று வண்டி எப்படி இருந்ததோ அப்படி ஆக்க வேண்டும். அதே நிறம், அதே எழுத்து, அதே தலை வைத்த போல்ட். நடுவில் யாரோ ஒருவர் வேறு போல்ட் போட்டிருந்தால் அது பிழை.

எனக்கு அந்த வேதத்தில் நம்பிக்கை இருந்தது. கம்பி பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் கையுமாக உட்கார்ந்து தேய்க்கத் தேய்க்கத்தான் அது ஆட்டம் கண்டது.

முதலில் கிடைத்தது நீலம். பெல்ட் மூடியின் உட்பக்கம், சட்டத்தின் மூலைகள், போல்ட் தலைகளைச் சுற்றி என்று ஒரு வெளிறிய நீலப் பக்கு. பெயிண்ட் என்று நினைக்க வழியில்லை. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. மயில்துத்தம். சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பல் நோய்க்கும் பயந்து திராட்சைக்காரர்கள் காலங்காலமாக அடித்துவரும் மருந்துகளில் போர்டோ கலவைக்கு முக்கிய இடம் உண்டு. ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். இதன் கதை வேடிக்கையானது. பிரான்சின் போர்டோ பக்கம் பாதையோரக் கொடிகளில் போகிறவர் வருகிறவர் பழம் பறிக்காமல் இருக்கட்டும் என்று பார்க்க அருவருப்பாகத் துத்தமும் சுண்ணாம்பும் தெளித்து வைத்திருந்தார்கள். அந்த வரிசைகளில் மட்டும் நோய் வரவில்லை என்று மில்லார்டே என்ற தாவரவியலாளர் கவனித்தார். 1885இல் முறையை வெளியிட்டார். திருட்டுக்குப் பயந்து கண்டுபிடித்த மருந்து.

கலவை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க இங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அரிவாள் நுனியைக் கொஞ்ச நேரம் அதில் முக்கி எடுப்பார்கள். நுனியில் செம்பு நிறம் ஏறினால் துத்தம் இன்னும் அடங்கவில்லை, சுண்ணாம்பு போதாது. அப்படியே அடித்தால் இலை கருகும். இரும்பு தன்னைக் கரைத்துக்கொண்டு செம்பை மேலே இழுத்துக்கொள்கிற வித்தை அது. என் டில்லரின் அடிச்சட்டத்தில் அதே வித்தை வருஷக்கணக்கில் நடந்திருந்தது. நீலப் பக்கைத் தள்ளினால் கீழே மெல்லிய செம்புப் பூச்சு; அதையும் தள்ளினால் அம்மைத் தழும்பாகக் குழி விழுந்த இரும்பு. பம்பு மாட்டிய பக்கம் குழிகள் ஆழம். மறுபக்கம் வழவழப்பு. அவசரத்தில் சுண்ணாம்பைக் குறைத்துக் கலக்கிய யாரோ ஒருவரின் காலைப் பொழுதுகள் அந்தச் சட்டத்தில் இருந்தன. தொழிற்சாலை நாளுக்குத் திரும்புவது என்றால் முதலில் இதை மணல் அடித்துத் துடைத்து, குழிகளில் பட்டி பூசி மறைக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். இந்த ரக எஞ்சினில் ஒற்றைச் சிலிண்டர் படுத்திருக்கும். சூடு பிடிக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகக் குறையக் குறைய மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊற்றுகிறவர் பக்கத்தில் எந்தத் தண்ணீர் இருக்கிறதோ அதைத்தான் ஊற்றுவார். ஹெட்டைக் கழற்றிச் சிலிண்டரைச் சுற்றிய அறைக்குள் விரலை விட்டபோது சுவரில் வெள்ளைப் பாறையாக உப்பு படிந்திருந்தது. சுத்தியல் முனையால் தட்டினால் சில்லு சில்லாக வந்தது. ஆனால் அடியில், உப்புக்குக் கீழே, மெல்லிய வண்டல் ஒரு படிவு. வாய்க்கால் தண்ணீர் வண்டலைத் தரும், ஆழ்துளைக் கிணறு உப்பைத் தரும். ஆக, வண்டி முதலில் வாய்க்காலோரம் உழைத்திருக்கிறது. பிறகு போர் போட்ட மேட்டுத் தோட்டத்துக்குக் கை மாறியிருக்கிறது. இதை எந்த ஆர்.சி. புத்தகமும் சொல்லாது.

கம்பத்தில் எனக்குத் துணையாக இருந்த மெக்கானிக்குக்கு இந்தத் தொல்லியலில் எல்லாம் ஈடுபாடு கிடையாது. பிஸ்டன் பிடித்துக்கொண்டிருந்தது. டீசலை ஊற்றி ஊறப்போட்டுவிட்டு, தினமும் போகிற போக்கில் மரக்கட்டையை வைத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். "வம்படியாப் பண்ணா லைனர் போயிரும்ணே. அதுவா மனசு வச்சு வரணும்." ஒருநாள் அது மனசு வைத்தது. ரிங் கிடைத்தது, ஆயில் சீல் கிடைத்தது, நாசிலுக்குத் தேனி போக வேண்டியிருந்தது. கியர் பெட்டியில் ஒரு புஷ் எங்குமே கிடைக்கவில்லை. அளவைக் காட்டியதும் லேத் பட்டறைக்காரர் ஒரு வெண்கலத் துண்டை எடுத்துக் கடைந்து, இன்னும் சூடு ஆறாமலே கையில் கொடுத்தார். கடைந்தபின் அவர் பழைய புஷ்ஷைக் கையில் உருட்டிப் பார்த்து, "இதுவும் கம்பெனிது இல்லையே, இதுக்கு முன்ன யாரோ கடஞ்சதுதான்" என்றார். யார் கடைந்தது என்றுகூட அவரால் ஊகிக்க முடிந்தது. விளிம்பைச் சாய்த்து முடிக்கிற விதம் ஒவ்வொரு பட்டறைக்கும் வேறாம். பேர் சொன்னார். அந்தப் பட்டறை இப்போது செல்போன் கடையாக இருக்கிறது.

கியர் பெட்டியின் வார்ப்பிரும்பு உடலில் பித்தளை வைத்துப் பற்றவைத்த ஒரு நீண்ட கோடு ஓடுகிறது. வார்ப்பிரும்பைச் சும்மா வெல்டிங் அடித்தால் பக்கத்திலேயே மறுபடி விரிசல் விடும். மெதுவாகச் சூடேற்றி, பித்தளையை உருக்கி ஓடவிட்டு, சாம்பலிலோ மணலிலோ புதைத்து ஆறவைக்க வேண்டும். இதைச் செய்தவர் அவசரப்படவில்லை. கோடு முழுக்க ஒரே அகலம், ஓரிடத்திலும் குமிழ் இல்லை. வண்டியில் நான் பார்த்தவற்றுள் மிக அழகான வேலை இதுதான் என்பேன். கம்பெனிக்காரரின் வார்ப்பையும் சேர்த்தே சொல்கிறேன். அயல்நாட்டுச் சங்கத்து விதிப்படி இதுதான் பெரிய குற்றம். புதிய உடல் வாங்கி மாற்ற வேண்டும். இல்லையென்றால் தேய்த்துச் சமமாக்கிப் பெயிண்ட் அடித்து ஒளித்துவிட வேண்டும்.

அவர்களைக் கேலி செய்யவில்லை. அவர்களுக்கு உதிரிபாகப் பட்டியல் இருக்கிறது, அந்தக் காலத்து நிறத்தின் எண் இருக்கிறது, ஒரு வண்டியைப் பலகாலம் ஒரே வீட்டார் வைத்திருப்பார்கள். தேய்ந்தால் அஞ்சலில் பாகம் வரும். நம் ஊரில் வண்டி கெட்டுப்போவது கவாத்து முடிந்த மறுநாள், அல்லது வாய்க்காலில் முறைத் தண்ணீர் வருகிற அன்று. பாகம் வரும்வரை நிலம் காத்திருக்காது. அந்த நேரத்தில் யார் கையில் எது இருந்ததோ அதைக் கொண்டு நிறுத்தியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் இந்த டில்லருக்குப் பெங்களூர் முதல் உற்பத்தியாளர், அவ்வளவுதான். அதன்பின் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் பெயர் போடாத பலபேர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உற்பத்தி செய்திருக்கிறார்கள். தொழிற்சாலை நாளுக்குத் திரும்புவது, இவர்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு முதல் ஆளுக்கு மட்டும் மாலை போடுவது.

கைப்பிடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு கைப்பிடியிலும் ஒவ்வொரு கிளட்ச் லீவர் உண்டு. இடது லீவரைப் பிடித்தால் இடது சக்கரத்துக்கு விசை நிற்கும், வண்டி இடப்பக்கம் திரும்பும். என் வண்டியில் இடது லீவர் வலதைவிட நன்றாகத் தேய்ந்து, உள்ளங்கை பதியும் இடத்தில் ஒல்லியாகிவிட்டது. பந்தல் வரிசையின் கோடியில் போய் ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி உழுதிருப்பார்கள் போலிருக்கிறது. இரண்டு கைப்பிடிக்கும் நுனியில் ஒரு சாண் குழாயை ஒட்டி நீட்டியும் இருந்தார்கள்.

இதற்கு விளக்கம் தேடாமலே வந்தது. வண்டியை வாசலில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் போன ஒரு பெரியவர் நின்றார். அந்தக் காலத்தில் டில்லர் ஓட்டியவர். இந்த வண்டியை இல்லை, இதே ரகத்தை. நீட்டிய குழாயைப் பார்த்ததுமே, "ஓட்டுனவன் நெட்டையா இருந்திருப்பான்யா. இல்லேன்னா முதுகு போயிருக்கும்" என்றார். பிறகு, நான் கேட்காமலே, என்னைக் கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லி ஒரு பாடம் நடத்தினார். சுருளிமலை அடிவாரத்துச் சரிவு நிலங்களில் வண்டி கீழ்நோக்கி இறங்கும்போது எல்லாமே தலைகீழ். எஞ்சின்தான் சக்கரங்களைப் பிடித்து நிறுத்திக்கொண்டு வரும். அப்போது பழக்கதோஷத்தில் இடது லீவரைப் பிடித்தால் இடது சக்கரம் கட்டவிழ்ந்து முன்னால் பாயும். வண்டி வலப்பக்கம் வெட்டித் திரும்பும். இறக்கத்தில் இடதுக்கு வலதைப் பிடிக்க வேண்டும். இது தெரியாமல் கால் போனவர்கள் உண்டு என்றார். சொல்லிவிட்டுக் கைகளை விரித்துக் காட்டினார். அதிர்ந்து அதிர்ந்து மரத்துப்போன விரல்கள்; டீக்கிளாஸின் சூடு இப்போதும் தாமதமாகத்தான் தெரிகிறதாம். இரண்டடி அகலத்துக்கு உழுதுகொண்டு போகிற வண்டியின் பின்னால் ஒரு ஏக்கரை முடிக்க ஏறத்தாழ ஆறரை கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். மாடு கட்டி உழுதால் அதைப்போல மூன்று மடங்கு நடை என்று அவர் பதில் கணக்குச் சொன்னார். டில்லர் மீது அவருக்குக் கோபம் எதுவும் இல்லை.

கோபம் இருந்தவர்கள் உண்டு. காமயகவுண்டன்பட்டி காந்திக்குக் கோயில் கட்டிக் கும்பிடுகிற ஊர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர்கள் நிறைந்த ஊர். டிராக்டர் நம் நிலத்துக்கு ஆகாது என்று அழுத்தமாக எழுதிய காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்தில் இருந்தது இங்கிருந்து ரொம்ப தூரமில்லாத தே. கல்லுப்பட்டியில். உழைப்பு, எரு, பால் மூன்றையும் தரும் மாட்டை விரட்டிவிட்டு எண்ணெய் குடிக்கும் இரும்பைக் கொண்டுவருகிறோம் என்பது அவர் வாதத்தின் சாரம். எருவைப் பொறுத்தவரை அவர் சொன்னது நடந்துவிட்டது. திராட்சைக்குத் தொழுவுரம் இல்லாமல் ஆகாது. உழவு மாடு போனபின் அதை லாரியில் விலைக்கு வாங்குகிறார்கள், இல்லையென்றால் கிடை போடுகிறார்கள். 

காந்தி இவ்விஷயத்தில் குமரப்பாவைவிடக் கொஞ்சம் நெகிழ்ந்தவர். 1924இல் சாந்திநிகேதனிலிருந்து வந்த ஒரு மாணவர் இயந்திரங்கள் அத்தனையையும் எதிர்க்கிறீர்களா என்று அவரைக் குடைந்தபோது, சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துத் தைத்து அலுத்துப்போவதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒருவன் செய்தது அது என்பது அவர் சொன்ன காரணம். கேட்ட மாணவர் ஜி. ராமச்சந்திரன், பின்னாளில், 1947இல், சௌந்தரம் அம்மாவோடு சேர்ந்து திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை நிறுவியவர். டில்லருக்கு அந்த விலக்குக் கிடைத்திருக்குமா என்று நான் யோசித்ததுண்டு. கைப்பிடியில் ஒட்டிய அந்த ஒரு சாண் குழாய்க்குக் கிடைத்திருக்கும்.

மாட்டுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் ஓய்வுக்கு இடம் உண்டு. கம்பத்தில் நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத் தொழு இருக்கிறது. ஏரில் பூட்டாமல் நேர்ந்துவிட்ட மாடுகள் அங்கே நிற்கின்றன. மாட்டுப் பொங்கலன்று சுற்றுவட்டாரமே கும்பிடப் போகிறது. உழைத்துத் தேய்ந்த இரும்புக்குப் பழைய இரும்புக் கடைதான். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் கார்களுக்கு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்த்தால் கண் நிறையும். சென்னையில் பழைய கார் ஊர்வலம் போகிறது. பணக்காரர் ஏறிப்போன வண்டிக்குக் கிடைக்கிற இடம், பின்னால் நடந்துபோனவரின் வண்டிக்குக் கிடைக்கவில்லை. வைத்தாலும் அப்போது பளபளவென்று சிவப்பு அடித்து, பித்தளைக் கோட்டை மறைத்துத்தான் வைப்பார்கள் என்று தோன்றுகிறது.

பெயிண்ட் பற்றி மெக்கானிக்கோடு ஒரு பஞ்சாயத்தே நடந்தது. அவருக்கு அடித்தாக வேண்டும். வேலை முடிந்த வண்டி அவர் பேரைச் சொல்லிக்கொண்டு தெருவில் நிற்கப் போகிறது, அது பழசாகத் தெரிந்தால் அவருக்குத்தான் கேவலம். அவர் பக்கத்து நியாயம் எனக்குப் புரிந்தது. நான் துருவை மட்டும் நிறுத்தினால் போதும் என்றேன். கடைசியில் டேங்குக்கும் மட்கார்டுக்கும் அவர் இஷ்டப்படி சிவப்பு, சட்டத்துக்கும் கியர் பெட்டிக்கும் என் இஷ்டப்படி வெறும் எண்ணெய்த் துணி என்று உடன்பாடு ஆனது. பார்க்க விசித்திரமாகத்தான் இருக்கிறது. நீலப் பக்கைச் சட்டத்தின் ஒரு மூலையில் விட்டுவைக்கலாம் என்ற என் ஆசையை மட்டும் அவர் ஏற்கவில்லை. விட்டால் தின்றுகொண்டே போகும் என்றார். சரிதான், தின்னும். சுரண்டிவிட்டோம்.

ஸ்டார்ட் செய்யக் கம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். வேகம் எடுத்ததும் லீவரை விட வேண்டும். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துத்தான் ஹேண்டிலைப் பிடிக்கலாம், திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறியும். டீசல் லைனில் ஏர் எடுத்த பிறகு ஒரு வெள்ளைப் புகை, பிறகு கறுப்பு, பிறகு அந்தப் பழைய டப் டப். தெருப்பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அத்தோடு என் பொழுதுபோக்கு முடிந்திருக்க வேண்டும். மறுவாரமே ஒருவர் வந்தார். பூ எடுத்திருக்கிற நேரம், பம்பு எஞ்சின் படுத்துவிட்டது, ஒருநாள் மருந்தடிக்க வண்டி வேண்டும் என்றார். பார்வைக்கு வைத்திருக்கும் வண்டி என்று சொல்ல வாய் வரவில்லை. வாடகை வேண்டாம், டீசல் ஊற்றிக்கொள்ளுங்கள், சாயங்காலம் நல்ல தண்ணீரில் கழுவிக் கொடுங்கள் என்றேன். கழுவித்தான் கொடுத்தார். பெல்ட் மூடியில் ஒரு போல்ட்டைக் காணோம்; அந்த ஓட்டையில் பந்தல் கம்பித் துண்டை நாலு சுற்றுச் சுற்றி முறுக்கியிருந்தார். போல்ட் வாங்கித் தருகிறேன், மாட்டிவிடுங்கள் என்று மெக்கானிக்கிடம் சொன்னால், ஆட்டிப் பார்த்துவிட்டு, "அதான் நிக்குதேண்ணே" என்கிறார்.